பன்னிரண்டு எக்செல் கோப்புகளும் ‘போட்டி’ என்ற ஒரு சொல்லும்

வாசகர் கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். 2013 முதல் எங்கள் மாவட்டப் பள்ளித் தடகளப் போட்டிகளின் முடிவுகளை ஆண்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு எக்செல் கோப்புகளில் சேர்த்து வைத்திருக்கிறேன். கடந்த ஆண்டு முதன்முறையாக மின்னணு முறையில் நேரம் எடுத்தோம். 19 வயதுக்குட்பட்ட மாணவர் 200 மீட்டரில் ஒரு மாணவன் 22.51 வினாடியில் ஓடியதை மாவட்டச் சாதனை என்று அறிவித்துச் சான்றிதழும் கொடுத்துவிட்டோம். பிறகுதான் 2015ஆம் ஆண்டுக் கோப்பில் வேறொரு மாணவன் 22.4 ஓடியிருப்பது கண்ணில் பட்டது. நான் போட்டு வைத்திருந்த சூத்திரம் அதை ஏன் காட்டவில்லை என்று விளங்கவில்லை. தரவுத்தளத்துக்கு மாறினால் இப்படி நேராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாறத்தான் வேண்டுமா? எந்த மென்பொருளைக் கொள்வது? எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்குமா? கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பெறுவதா? 2015ஆம் ஆண்டுக் கோப்பை மாதிரிக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்புள்ள ஐயா,

முதலில் அந்தச் சூத்திரத்தைப் பார்த்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய கோப்பில் நேரங்கள் “22.4 வி”, “23.1 வி” என்று அலகோடு சேர்த்தே தட்டச்சு செய்யப்பட்டிருக்கின்றன. எண்ணோடு ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டவுடனேயே எக்செல் அந்தக் கட்டத்தை எண்ணாகக் கருதுவதை விட்டுவிடுகிறது; மிகச் சிறிய எண்ணைத் தேடும் சூத்திரமோ, எழுத்தாகக் கிடக்கும் கட்டங்களைப் பிழை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே 200 மீட்டர் மட்டுமல்ல, 2015ஆம் ஆண்டின் ஓட்டங்கள் அனைத்துமே உங்கள் சாதனைத் தேடலுக்கு வெளியே இருந்திருக்கின்றன. மற்றச் சாதனைகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தரவுத்தளத்தில் வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காதா என்றால், பாதி நேர்ந்திருக்காது என்பதே நேர்மையான பதில். எண்ணுக்கென்று ஒதுக்கிய புலத்தில், அதாவது நெடுவரிசையில், “22.4 வி” என்று இட முயன்றால் ஒழுங்காக அமைத்த தரவுத்தளம் அதை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியிருக்கும். ஆனால் 2015ஆம் ஆண்டின் 22.4 ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்து எடுத்த நேரம் என்பதும், கடந்த ஆண்டின் 22.51 கருவி எடுத்த நேரம் என்பதும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது சிறியது என்று கேட்பதே தவறு என்பதும் எந்த மென்பொருளுக்கும் தானாகத் தெரியாது. அதைச் சொல்வதற்கு ஓர் இடத்தை நீங்கள்தான் ஒதுக்க வேண்டும். தரவுத்தளத்துக்கு மாறுவதில் கடினமான பகுதி மென்பொருள் அல்ல. ஒவ்வொரு தகவலும் எதைப் பற்றியது என்று முடிவு செய்து, அதற்கு ஒரே ஓர் இருப்பிடத்தைக் கொடுப்பதுதான்.

நீங்கள் மாறத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு இதிலிருந்தே விடை வருகிறது. இந்த ஆண்டுப் போட்டியை நடத்தி, சான்றிதழ் அச்சிட்டு, வெற்றிக் கோப்பைக்கான புள்ளிகளைக் கூட்டுவது மட்டும்தான் வேலை என்றால் எக்செல் போதும். வேறு யோசனையே தேவையில்லை. எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு. உங்கள் மாதிரிக் கோப்பில் ஏறக்குறைய எழுநூறு வரிசைகள். பன்னிரண்டு ஆண்டும் சேர்ந்தாலும் ஒன்பதாயிரத்தைத் தாண்டாது. எனவே இடம் போதாமை உங்கள் பிரச்சினை அல்ல. நீங்கள் கேட்கும் கேள்விகள் ஆண்டுகளைக் கடந்து செல்கின்றன என்பதும், அதே மாணவனின் பெயரும் அதே பள்ளியின் பெயரும் ஐம்பது இடங்களில் ஐம்பது விதமாக எழுதப்பட்டிருக்கின்றன என்பதும்தான் பிரச்சினை. அதனால் மாறுங்கள் என்றே சொல்வேன்.

1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர், தரவு எந்த இடத்தில், எந்த ஒழுங்கில் கிடக்கிறது என்பதை அறியாமலே ஒருவர் அதைக் கேட்டுப் பெற முடிய வேண்டும் என்று வாதிட்டு, அட்டவணைகளை இணைத்து வைக்கும் தொடர்புசார் தரவுத்தளத்துக்கு அடிப்படையான கட்டுரையை வெளியிட்டார். இதை உங்கள் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் இடமே பொருளாக நிற்கிறது. 19 வயதுக்குட்பட்டோர் என்பது தாளின் பெயரில் இருக்கிறது, வரிசைகளில் இல்லை. 200 மீட்டர் என்பது ஒன்றிணைத்த ஒரு கட்டத்தில் மேலே ஒரு முறை எழுதப்பட்டு, அதன் கீழ் எட்டு வரிசைகள் அந்த விவரமில்லாமல் நிற்கின்றன. புதிய சாதனை என்பது மஞ்சள் வண்ணமாக இருக்கிறது. மனிதக் கண்ணுக்கு இவை போதும். ஒரு வரிசையைப் பிரித்தெடுத்து வேறோர் இடத்தில் வைத்தால் அதன் பொருள் பாதி உதிர்ந்துவிடும். தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரிசையும் தன்னந்தனியாக நின்றாலும் தான் யாரென்று சொல்லத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

அட்டவணைகளைப் பிரிப்பதற்கு முன் ஒரு சொல்லைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘போட்டி’ என்றே சொல்லிவிடுகிறோம். மாவட்டப் போட்டி என்கிறோம். அதில் 200 மீட்டர் போட்டி என்கிறோம். அதன் இரண்டாவது தகுதிச் சுற்றையும் போட்டி என்றே சொல்கிறோம். பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அட்டவணைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மைதானத்தில் நீங்கள் வழங்கும் சொற்களே இங்கு உதவுகின்றன: மூன்று நாள் நடக்கும் முழு நிகழ்வு ‘மீட்’, 200 மீட்டர் என்பது ‘ஈவெண்ட்’, எட்டுப் பேர் ஒன்றாக நின்று ஓடுவது ‘ஹீட்’. இம்மூன்றுக்கும் தனித்தனி அட்டவணை வேண்டும். நாள், மைதானம் ஆகியவை மீட்டைப் பற்றியவை. தூரம், பாலினம், வயதுப் பிரிவு ஆகியவை ஈவெண்ட்டைப் பற்றியவை. எந்த மீட்டில், எந்த ஈவெண்ட்டின், எந்தச் சுற்று, எத்தனை மணிக்கு என்பவை ஹீட்டைப் பற்றியவை.

இவற்றோடு வீரர், பள்ளி என்று இரண்டு அட்டவணைகளும், எல்லாவற்றையும் இணைக்கும் ‘முடிவு’ என்ற அட்டவணையும் சேர்ந்தால் அடிப்படை தயார். முடிவு அட்டவணையின் ஒரு வரிசை, ஒரு வீரர் ஒரு ஹீட்டில் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லும். அதில் வீரரின் பெயர் இருக்காது. வீரர் அட்டவணையில் அவருக்குக் கொடுத்த எண் இருக்கும். பள்ளியின் பெயரும் இருக்காது. பள்ளியின் எண் இருக்கும். ஆனால் அந்தப் பள்ளி எண்ணை வீரர் அட்டவணையில் வைக்காமல் முடிவிலேயே வைத்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளியில் படித்துவிட்டு மேல்நிலைக்கு வேறு பள்ளிக்குப் போகும் மாணவன், முதல் பள்ளிக்காக வாங்கிய பதக்கங்களையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா? வயதையும் எங்கும் எழுதி வைக்காதீர்கள். பிறந்த தேதி இருந்தால் மீட்டின் தேதியைக் கொண்டு வயது தானே வந்துவிடும்.

இனி முடிவு அட்டவணைக்குள் வருவோம். நேரத்தை எப்படிச் சேமிப்பது என்பதில்தான் விளையாட்டுப் பதிவுகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. எக்செல்லில் 800 மீட்டர் நேரத்தை 2:05 என்று இட்டால் அது இரண்டு மணி ஐந்து நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும், 2:05.30 என்று இட்டால் இரண்டு நிமிடம் ஐந்தேகால் வினாடிச் சொச்சம் என்று எடுத்துக்கொள்ளும்; இடையில் முக்காற்புள்ளிக்குப் பதிலாகப் புள்ளி வைத்தால், கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து வெறும் எழுத்தாகவோ ஒரு தேதியாகவோ ஆகிவிடும். மூன்றும் ஒரே நெடுவரிசையில் கலந்து கிடக்கும் கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தரவுத்தளத்தில் எல்லா நேரங்களையும் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகளாக, புள்ளியே இல்லாத முழு எண்ணாகச் சேமியுங்கள். 22.51 என்பது 22510, 2:05.30 என்பது 125300. தாண்டுதலும் எறிதலும் அதுபோலவே சென்டிமீட்டரில் முழு எண். காட்டும்போது புள்ளியும் முக்காற்புள்ளியும் வைத்துக் காட்டிக்கொள்ளலாம். அத்துடன், நடுவர் தாளில் எப்படி எழுதியிருந்ததோ அதே வடிவில் ஒரு நகலை இன்னொரு புலத்தில் எழுத்தாக வைத்திருங்கள். என்றாவது சந்தேகம் வரும்போது மூலம் எது என்று அதுதான் சொல்லும்.

ஓடவே வராதவனுக்கு என்ன நேரம் எழுதுவது? உங்கள் கோப்பில் சில இடங்களில் 0 என்று இருக்கிறது. ஓட்டத்தில் சிறிய எண்ணே வெற்றி என்பதால், வரிசைப்படுத்தியவுடன் மைதானத்துக்கே வராத மாணவன் முதலிடத்தில் போய் நிற்பான். நேரத்தின் புலத்தை வெற்றாக விட்டுவிட்டு, நிலை என்று தனியாக ஒரு புலம் வையுங்கள். முடித்தார், வரவில்லை, முடிக்கவில்லை, தகுதி நீக்கம், செல்லுபடியான முயற்சி இல்லை என்ற ஐந்தில் ஒன்று மட்டுமே அதில் இருக்கலாம் என்று கட்டுப்படுத்திவிடுங்கள்.

நேரம் இருக்கும்போது இடத்தை (முதலிடம், இரண்டாமிடம் என்பதை) ஏன் தனியாகச் சேமிக்க வேண்டும், கணக்கிட்டுக்கொள்ளலாமே என்று உங்கள் கணினி ஆசிரியர் கேட்கக்கூடும். கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதியில் நோவா லைல்ஸ், கிஷேன் தாம்சன் இருவருக்குமே முடிவுப் பட்டியலில் 9.79தான், முடிவுக்கோட்டில் எடுத்த படத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படித்து, 9.784க்கும் 9.789க்கும் இடையிலான வேறுபாட்டில்தான் தங்கம் முடிவானது. இடம் என்பது நடுவரின் தீர்ப்பு. நேரம் என்பது அளவை. இரண்டும் இரண்டு தகவல்கள். அதேபோல ஓர் இடத்தில் ஒருவர்தான் இருக்கலாம் என்ற கட்டுப்பாட்டையும் வைத்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆடவர் உயரம் தாண்டுதலில் பார்ஷிமும் தம்பேரியும் 2.37 மீட்டரில் சமமாக நின்று, இருவருமே தங்கம் பெற்றார்கள். வெள்ளி யாருக்கும் இல்லை, அடுத்தவருக்கு வெண்கலம். அப்படிப்பட்ட நாளில் உங்கள் தரவுத்தளம் நடுவருடன் சண்டை போடக் கூடாது. ஆனால் ஒரே ஹீட்டில் ஒரே லேனில் இருவர் இருக்க முடியாது என்ற கட்டுப்பாட்டைத் தாராளமாக வைக்கலாம், தொடக்கம் முதல் முடிவு வரை லேனிலேயே ஓடும் ஈவெண்ட்டுகளுக்கு.

இப்போது 22.4க்கு வருகிறேன். முடிவோடு, அல்லது ஹீட்டோடு, நேரம் எடுத்த முறை என்று ஒரு புலம் வேண்டும்: கை அல்லது மின்னணு. துப்பாக்கியின் புகையைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஒரு தாமதம் நேர்ந்துவிடுவதால், கையால் எடுத்த நேரம் பொதுவாக உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஒப்பிட நேரும்போது 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்கு 0.24 வினாடியும் 400 மீட்டருக்கு 0.14 வினாடியும் கூட்டிக்கொள்வது தடகளத்தில் நெடுங்கால வழக்கம். இதற்கு மில்கா சிங்கைவிட நல்ல சான்று இல்லை. 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டர் இறுதியில் நான்காவதாக வந்த அவருக்கு அதிகாரபூர்வமான கை நேரம் 45.6; அதே ஓட்டத்தின் மின்னணு நேரம் 45.73. 1998இல் பரம்ஜீத் சிங் 45.70 ஓடியபோது மில்காவின் தேசியச் சாதனை முறிந்ததா இல்லையா என்பது, இந்த இரண்டு எண்களில் எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே இருந்தது. ஆகவே கூட்ட வேண்டிய 0.24ஐச் சேமிப்பிலேயே கூட்டி எழுதிவிடாதீர்கள். கிடைத்த நேரம் கிடைத்தபடியே இருக்கட்டும், முறை பக்கத்தில் இருக்கட்டும், கூட்டல், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும்போது நடக்கட்டும். என்றாவது உங்கள் சங்கம் கை நேரச் சாதனை, மின்னணுச் சாதனை என்று இரண்டு பட்டியல்கள் வைத்துக்கொள்ள முடிவு செய்தால், தரவில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிராது.

ஒரு தகவல் எதைப் பற்றியது என்ற கேள்வி எவ்வளவு நுட்பமானது என்பதைக் காற்றின் வேகம் காட்டிவிடும். 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதலிலும் பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் சாதனையாகக் கொள்வதில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டத்தில் எட்டுப் பேருக்கும் ஒரே காற்று. அது ஹீட்டின் தகவல். நீளம் தாண்டுதலிலோ ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு காற்று. 1991இல் டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்பில் கார்ல் லூயிஸ் தாண்டிய 8.91 மீட்டருக்குக் காற்று 2.9, அதே இறுதியில் மைக் பவல் தாண்டிய 8.95க்கு 0.3. பவலுடையது இன்றும் உலகச் சாதனை. லூயிஸினுடையது சாதனைப் பட்டியலுக்கே வர முடியாதது, ஆனால் வெள்ளிப் பதக்கத்துக்குச் செல்லும். அதனால் தாண்டுதலுக்கும் எறிதலுக்கும் ‘முயற்சி’ என்று தனி அட்டவணை வேண்டும்: எத்தனையாவது முயற்சி, எவ்வளவு தூரம், எவ்வளவு காற்று, செல்லுமா செல்லாதா. உங்களிடம் காற்றுமானி இல்லையென்றால் புலம் வெற்றாக இருக்கட்டும். 0 என்று நிரப்பினால் காற்றே வீசவில்லை என்று நீங்கள் சாட்சி சொல்வதாக ஆகும்.

குண்டின் எடை, தடையின் உயரம் இவை ஈவெண்ட்டின் பகுதி. ஆடவருக்கு 7.26 கிலோ, 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 6, 18 வயதுக்குட்பட்டோருக்கு 5 என்றிருக்க, வெறுமனே ‘குண்டு எறிதல்’ என்று ஒரே ஈவெண்ட்டாக வைத்தால் சிறிய பையன்கள் பெரியவர்களின் சாதனையை ஆண்டுதோறும் முறித்துக்கொண்டே இருப்பார்கள். விதிகள் மாறி எடை மாறினால் பழைய ஈவெண்ட்டைத் திருத்தாதீர்கள். புதிய ஈவெண்ட் ஒன்றைத் தொடங்குங்கள். ஆடவர் ஈட்டியின் வடிவம் 1986இல் மாற்றப்பட்டபோது உலகச் சாதனைப் பட்டியலே புதிதாகத் தொடங்கப்பட்டது இப்படித்தான்.

தொடர் ஓட்டத்தை உங்கள் கோப்பில் நான்கு பெயர்களையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளியிட்டு எழுதியிருக்கிறீர்கள். அங்கே ‘அணி’ என்று ஓர் அட்டவணையும், அணியில் யார் எத்தனையாவதாக ஓடினார் என்று இன்னோர் அட்டவணையும் தேவை. தகுதிச் சுற்றில் ஓடியவர் இறுதியில் ஓடாமலிருக்கலாம் என்பதால் உறுப்பினர் பட்டியல் ஒவ்வொரு ஹீட்டுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்திய அணி வெள்ளி பெற்றது. லால்குடிப் பக்கத்து வீரர் ஆரோக்கிய ராஜீவும் அதில் இருந்தார். தங்கம் வென்ற பஹ்ரைன் அணியின் ஒரு வீராங்கனை ஊக்கமருந்துக் காரணத்தால் பின்னர் தகுதி நீக்கப்பட்டதும், 2020இல் இந்திய அணியின் வெள்ளி தங்கமாயிற்று. அதே வீராங்கனை வென்றிருந்த 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்திருந்த அனு ராகவனுக்கு வெண்கலம் கிடைத்தது. ஒருவரின் நிலை மாறியது. இரண்டு ஈவெண்ட்டுகளின் பதக்கப் பட்டியல்கள் மாறின. பிரித்து வைத்த தரவுத்தளத்தில் இது சில வரிசைகளின் திருத்தம். எக்செல்லில் எத்தனை தாள்களைத் தேடித் திருத்த வேண்டியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இப்படித் திருத்தும்போது முதலில் அறிவித்த இடத்தை அழித்துவிடாமல், தேதியும் காரணமும் எழுதி ஒரு திருத்தப் பதிவில் வைத்திருப்பது நல்ல வழக்கம்.

இதுவரை சொன்னவற்றை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். அதற்குமேல் நாள் பிடிக்கப் போவது பெயர்கள்தான். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து முன்னும் வரும், பின்னும் போகும். மு. கார்த்திக் என்பவர் ஆங்கிலப் பட்டியலிலிருந்து திரும்பி வரும்போது எம். கார்த்திக் ஆகிவிடுகிறார். மாரியப்பனின் மகன் மா. கார்த்திக்கும் எம். கார்த்திக்தான். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே ஆண்டில் ஓடியிருந்தால் பெயரைக் கொண்டு பிரிப்பது நடவாத காரியம். ஆகவே வீரருக்கு நீங்களே ஓர் எண்ணைக் கொடுங்கள். எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் எண்) இருந்தால் கூடுதல் அடையாளமாக ஒரு புலத்தில் வையுங்கள். பழைய ஆண்டுகளுக்கு அது கிடைக்காது என்பதால் அதையே முதன்மைச் சாவியாக, அதாவது வரிசையைத் தனித்து அடையாளம் காட்டும் எண்ணாக, ஆக்க வேண்டாம். ஆதார் எண் அறவே வேண்டாம். உங்கள் வீரர்களில் ஏறக்குறைய அனைவருமே பதிவின்போது 18 வயதுக்குட்பட்டவர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வயதினரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. தேவையில்லாத விவரத்தைச் சேர்க்காமல் இருப்பதே பாதி பாதுகாப்பு.

எழுத்துருவும் ஒரு தொல்லை. 2013, 2014 கோப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், தரவுத்தளத்தில் அவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும்; முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருங்குறியிலும் ‘கௌதம்’ என்பதை ஔகாரக் குறியிட்டுத் தட்டச்சு செய்தவரும் உண்டு. ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தை வைத்தவரும் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு இருவேறு மனிதர்கள். ‘கொ’ போன்ற எழுத்துகளின் குறியையும் ஒன்றாகவோ இரண்டாகப் பிரித்தோ உள்ளிட முடியும். ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரச் சொல்லி உங்கள் கணினி ஆசிரியரிடம் கேளுங்கள்.

பெயர்களை ஒன்றாக்கும் வேலையை மட்டும் முழுவதும் நிரலிடம் விட்டுவிடாதீர்கள். ஒரு நீச்சல் சங்கத்தின் பதிவுகளை மாற்றிக் கொடுத்தபோது, பெயர் ஏறக்குறைய ஒன்று, முன்னெழுத்து ஒன்று, பள்ளி ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று என்றால் ஒரே ஆள்தான் என்று நம்பி நான் நிரல் எழுதினேன். இரட்டைச் சகோதரிகள் இருவரை ஒருவராக்கிவிட்டது. ஒரே ஹீட்டில் இரண்டு லேன்களில் நீந்திய ஒரு சிறுமியைப் பார்த்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். ஒரே ஆளாக இருக்கக்கூடியவர்களை நிரல் பட்டியலிடட்டும், ஒன்றாக்குவதா என்பதை அந்த ஆண்டுகளில் மைதானத்தில் நின்றவர் முடிவு செய்யட்டும். பழைய கோப்பில் இருந்த பெயர் வடிவங்களையும் தனி அட்டவணையில் வைத்திருந்தால் தவறாகச் சேர்த்ததைப் பிறகு பிரிக்க முடியும்.

பள்ளிகளும் பெயர் மாறும். நடுநிலை உயர்நிலையாகிறது, உயர்நிலை மேல்நிலையாகிறது, பள்ளி அதேதான். பெயரையும் அது வழங்கிய காலத்தையும் பள்ளி எண்ணோடு இணைத்து வைத்தால் போதும். உங்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. நீங்கள் அனுப்பிய கோப்பின்படி 2015இல் 22.4 ஓடிய மாணவனின் பள்ளி சங்கரன்கோவிலில் இருக்கிறது. அன்று அது திருநெல்வேலி மாவட்டம், இன்று தென்காசி. ஆகவே மாவட்டத்தையும் பள்ளியின் நிலையான பண்பாக எழுதாமல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த மாவட்டம் என்று எழுத வேண்டும்.

மென்பொருளைப் பொறுத்தவரை எஸ்க்யூலைட்டில் தொடங்குங்கள். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000இல் உருவாக்கியது, விலையும் உரிமக் கட்டுப்பாடும் இல்லை, சர்வர் தேவையில்லை, முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. திறந்து பார்க்க டிபி ப்ரௌசர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. இரண்டு எச்சரிக்கைகள். அட்டவணைகளுக்கு இடையிலான எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அயல் சாவிச் சோதனை அதில் இயல்பாக அணைந்திருக்கும். இயக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலும் எண்ணுக்கான புலத்தில் எழுத்தையும் அது பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ளும்; “22.4 வி” மறுபடி உள்ளே வந்துவிடும். 2021இல் வந்த 3.37ஆம் பதிப்பு முதல் கிடைக்கும் கண்டிப்பான அட்டவணை வகையைப் பயன்படுத்தினால் அந்த ஆபத்து இல்லை. பள்ளியில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் இருந்து, அதில் பழக்கமுள்ளவரும் இருந்தால் அதுவும் சரிதான். பல ஊர்களிலிருந்து பலர் ஒரே நேரத்தில் பதிய வேண்டும் என்ற நிலை வந்தால் சர்வரில் இயங்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பற்றி யோசிக்கலாம். அதுவரை அந்தச் சுமை வேண்டாம். எதுவானாலும் கோப்பின் நகலை வாட்ஸ்ஆப்பில் ஆளுக்கொன்று அனுப்பி அவரவர் திருத்தினால், பன்னிரண்டு கோப்புகள் இருபத்து நான்காகும்.

மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பழைய கோப்புகளில் கை வைக்காமல் நகல் எடுத்து, தாளின் பெயரில் இருக்கும் வயதுப் பிரிவையும், ஒன்றிணைத்த கட்டத்தில் இருக்கும் ஈவெண்ட்டையும், மஞ்சள் வண்ணத்தையும் தனித்தனி நெடுவரிசைகளாக எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே நீண்ட தாளில் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசையும் எந்தக் கோப்பின், எந்தத் தாளின், எத்தனையாவது வரிசை என்பதும் கூடவே இருக்கட்டும். சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெற்று எழுத்துக் கோப்பாக) சேமிக்கும்போது, ஒருங்குறிக்குரிய யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தத் தாளை அப்படியே, எல்லாப் புலங்களும் எழுத்தாக, ஓர் இடைக்கால அட்டவணையில் ஏற்றி, அதிலிருந்து முறையான அட்டவணைகளுக்குச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். முதலில் ஓர் ஆண்டை மட்டும் முடித்து, அந்த ஆண்டு அச்சிட்ட வெற்றிக் கோப்பைப் புள்ளிகளைத் தரவுத்தளத்திலிருந்து கூட்டிப் பாருங்கள். பொருந்தினால் அடுத்த ஆண்டு. பொருந்தாவிட்டால் தவறு அச்சிட்ட பட்டியலில் இருக்கவும் வாய்ப்புண்டு. அப்படி இரண்டொரு கோப்பைகள் இடம் மாறிப் போயிருப்பதை நீங்கள் கண்டுபிடித்தால் வியப்படைய மாட்டேன். வரும் ஆண்டுகளில் மைதானத்தில் பதிவதற்கு எக்செல்லையே வைத்துக்கொள்ளலாம். தாள் மட்டும் மேற்சொன்ன நீண்ட வடிவில் இருக்க வேண்டும்.

சான்றிதழைத் திரும்பப் பெற வேண்டாம். 2015ஆம் ஆண்டின் 22.4 கை நேரம், வழக்கப்படி 0.24ஐக் கூட்டினால் 22.64 வருகிறது, உங்கள் மாணவனின் 22.51 அதைவிடச் சிறந்தது. கை நேரத்துக்குத் தனிப் பட்டியல் வைப்பதென்றால் அது தன் பட்டியலில் இருக்கும், இது மின்னணுப் பட்டியலின் முதல் பதிவாகும். அந்தச் சங்கரன்கோவில் பள்ளியின் நேரம் திருநெல்வேலியின் பட்டியலில் தொடர்வதா, தென்காசிக்குச் செல்வதா என்பதை மட்டும் உங்கள் சங்கத்தின் கூட்டத்தில் வைத்து முடிவெடுத்து, முடிவின் தேதியோடு எழுதி வையுங்கள். அதற்கு முன் கடந்த ஆண்டு அந்த ஓட்டத்தின்போது காற்றை அளந்தீர்களா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.